மலைச் சாலையில் மிதிவண்டிக்கு இடம் உண்டா?

நமது நாடாளுமன்றச் செய்தியாளர்

கேரள மாநிலம், திருவனந்தபுரம் மாவட்டத்தில் உள்ள பொன்முடி மலையில் 2023 அக்டோபர் 26 முதல் 29 வரை ஆசிய மலை மிதிவண்டிச் சாம்பியன் போட்டி நடைபெற்றது. பாரிஸ் ஒலிம்பிக்குக்கான தகுதிப் போட்டியாகவும் அது அமைந்தது. தேயிலைத் தோட்டத்துக்குள் பந்தயத் தடம் அமைத்து, பல நாட்டு வீரர்களை வரவழைத்துப் போட்டியை நடத்தி முடித்தவர்கள் பாராட்டுக்கு உரியவர்கள் என்பதில் ஐயமில்லை.

ஆனால், போட்டி முடிந்த மறுநாள் அதே மலைக்கு மிதிவண்டியில் ஏற விரும்பும் சாதாரணக் குடிமகனுக்கு அந்தச் சாலையில் என்ன உரிமை இருக்கிறது? இந்தக் கேள்விக்கு நமது சட்டப் புத்தகத்தில் தெளிவான பதில் இல்லை.

திருவனந்தபுரத்திலிருந்து நெடுமங்காடு வழியாக வித்துராவை அடையும் சாலை, அங்கிருந்து கல்லாறு வரை சென்று, பின்னர் 22 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து பொன்முடியை எட்டுகிறது. கடலோர நகரில் புறப்பட்டவர் ஏறத்தாழ 60 கிலோமீட்டரில் சுமார் 1,100 மீட்டர் உயரத்துக்குச் சென்றுவிடலாம். மிதிவண்டி ஓட்டுபவர்களுக்கு இத்தகைய ஏற்றம் பெரும் வாய்ப்பு. ஆனால், ஒருபுறம் மலைச் சரிவும் மறுபுறம் பள்ளமும் கொண்ட குறுகிய சாலையில், மணிக்கு எட்டு அல்லது பத்து கிலோமீட்டர் வேகத்தில் மூச்சிரைக்க ஏறிக் கொண்டிருப்பவரை, வளைவிலேயே முந்திச் செல்லத் துடிக்கும் கார்களுக்கும் பஞ்சமில்லை.

குறுகலான மலைச் சாலையில், இறங்கும் வாகனம் ஏறும் வாகனத்துக்கு வழிவிட வேண்டும் என்பது நெடுங்காலமாக உள்ள சாலை விதி. அந்த விதி மிதிவண்டிக்குப் பொருந்துமா? 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்தில் 2ஆவது பிரிவின் 28ஆவது உட்பிரிவைப் பார்த்தால் வியப்பு மேலிடுகிறது. 'வாகனம்' என்றாலே இயந்திர விசையால் இயங்குவது என்றுதான் அங்கு பொருள் கூறப்பட்டுள்ளது. அதாவது, அந்தச் சட்டத்தின் பார்வையில் மிதிவண்டி ஒரு வாகனமே அல்ல. வாகனமே அல்லாத ஒன்றுக்கு யார் வழிவிடுவது?

இந்தக் குறையைப் போக்க நாடாளுமன்றம் முயலவில்லை என்று சொல்ல முடியாது. 2019இல் இரு அவைகளிலும் நிறைவேறிய திருத்தச் சட்டம் இரண்டு புதிய பிரிவுகளைச் சேர்த்தது. இயந்திர விசையற்ற வண்டிகளும் பாதசாரிகளும் பொதுச் சாலைகளைப் பயன்படுத்துவதை முறைப்படுத்தும் விதிகளை மாநில அரசுகள் வகுக்கலாம் என்றது 138(1ஏ) பிரிவு. தேசிய நெடுஞ்சாலைகள் நீங்கலான பிற சாலைகளின் வடிவமைப்பு, கட்டுமானம், பராமரிப்பு ஆகியவற்றுக்கான தரத்தை மாநிலங்கள் நிர்ணயிக்கலாம் என்றது 210டி பிரிவு. அன்றைய விவாதத்தில் பெரிதும் பேசப்பட்டது அபராதத் தொகை உயர்வுதான். இந்த இரு பிரிவுகளும் போதிய கவனத்தைப் பெறவில்லை. 'வகுக்கலாம்' என்ற சொல்லில் 'வகுக்காமலும் இருக்கலாம்' என்ற வசதியைக் கண்டுகொள்ள மாநில அரசுகளுக்கு அதிக காலம் பிடிக்கவில்லை.

அந்த வசதிக்கு முற்றுப்புள்ளி வைத்தது உச்ச நீதிமன்றம். கோவையைச் சேர்ந்த எலும்பு மருத்துவ நிபுணர் எஸ். ராஜசேகரன் 2012இல் தொடுத்த சாலைப் பாதுகாப்பு வழக்கில், 2025 அக்டோபர் 7ஆம் தேதி பிறப்பித்த உத்தரவில், இவ்விரு பிரிவுகளின் கீழும் ஆறு மாதங்களுக்குள் விதிகளை வகுக்குமாறு மாநிலங்களுக்கும் யூனியன் பிரதேசங்களுக்கும் நீதிமன்றம் ஆணையிட்டது. நாட்டில் 2022இல் மட்டும் சாலை விபத்துகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அவர்களில் 19 சதவீதத்துக்கும் மேற்பட்டோர் பாதசாரிகள். ஏறத்தாழ 3 சதவீதத்தினர் மிதிவண்டியில் சென்றவர்கள். இந்தப் பின்னணியில் நீதிமன்றத்தின் ஆணை மிகவும் வரவேற்கத்தக்கது.

எனினும், இங்கேதான் விழிப்பாக இருக்க வேண்டியுள்ளது. 'முறைப்படுத்துதல்' என்ற சொல் நமது அதிகாரிகளின் கையில் 'தடை செய்தல்' என்று மாறிய வரலாறு உண்டு. கொல்கத்தா நகரில் 2013இல் 174 சாலைகளில் மிதிவண்டிகளுக்குத் தடை விதிக்கப்பட்டது. பெங்களூரு - மைசூரு விரைவுச் சாலையின் பிரதான தடத்தில், 2023 ஆகஸ்ட் 1 முதல் இரு சக்கர வாகனங்களுடன் இயந்திர விசையற்ற வண்டிகளும் தடை செய்யப்பட்டன. விரைவுச் சாலைக்காவது பக்கவாட்டுச் சாலை உண்டு. மலைக்குச் செல்லும் ஒரே சாலையில் இதே மருந்தைக் கொடுத்தால், மிதிவண்டிக்காரர் எங்கே போவார்?

மிதிவண்டி குறித்த நமது கொள்கைகள் பெரும்பாலும் நகர எல்லையோடு நின்றுவிடுகின்றன. வாகனங்களை அல்ல, மனிதர்களை நகர்த்துவதே நோக்கம் என்று முழங்கிய 2006ஆம் ஆண்டின் தேசியக் கொள்கைகூட நகர்ப்புறப் போக்குவரத்துக்கானதே. மிதிவண்டிகள் மீதான சரக்கு - சேவை வரி 2025 செப்டம்பர் 22 முதல் 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைக்கப்பட்டது நல்ல செய்தி. ஆனால், வண்டியை மலிவாக்கிய அரசு, அது ஓடுவதற்கான சாலையைப் பற்றியும் சிந்திக்க வேண்டாமா?

பிரான்ஸ் நாட்டின் ஆல்ப் துவேஸ் மலைச் சாலையில் உள்ள வளைவுகள் 21. பொன்முடியைவிட ஒன்று குறைவு. 1952இல் முதன்முதலாக டூர் டி பிரான்ஸ் பந்தயம் சென்ற அந்தச் சாலையின் ஒவ்வொரு வளைவிலும் எண்ணும், அங்கு வென்ற வீரர்களின் பெயரும் பொறிக்கப்பட்டுள்ளன. உலகெங்கிலும் இருந்து வரும் மிதிவண்டிப் பயணிகளால் அந்த மலையூர் வாழ்கிறது. இத்தாலியின் ஸ்டெல்வியோ கணவாயில் ஆண்டுக்கு ஒரு நாள் மோட்டார் வாகனங்களை நிறுத்திவிட்டு, சாலையை மிதிவண்டிகளுக்கே விட்டுவிடுகிறார்கள். இவற்றுக்குப் புதிய சாலை தேவைப்படவில்லை. இருக்கும் சாலையை நேரம் பார்த்துப் பகிர்ந்து கொள்ளும் மனம்தான் தேவைப்பட்டது.

'இது வசதி படைத்தவர்களின் பொழுதுபோக்கு. இதற்குச் சட்டம் எதற்கு?' என்று சிலர் கேட்கக்கூடும். இலட்ச ரூபாய் மிதிவண்டியில் வருபவருக்காக மட்டும் இந்தக் கோரிக்கை எழுப்பப்படவில்லை. 2022ஆம் ஆண்டு மழையில் பொன்முடிச் சாலையின் ஒரு பகுதி சரிந்தபோது, சுற்றுலாப் பயணிகளுக்கு ஏற்பட்டது ஏமாற்றம் மட்டுமே; மலையில் வாழ்ந்தவர்களுக்கோ அன்றாட வாழ்வே சிக்கலாயிற்று. வித்துராவிலிருந்து பிரியும் மற்றொரு சாலை, முடங்கிப்போன போனக்காடு தேயிலைத் தோட்டத்துக்குச் செல்கிறது. அங்குள்ள லயன் வீடுகளில் இருப்பவர்களில் பலர், தலைமுறைகளுக்கு முன் தமிழ்நாட்டிலிருந்து மலையேறிய தொழிலாளர்களின் வாரிசுகள். காணிக்காரப் பழங்குடியினரின் குடியிருப்புகளும் இந்த வனப்பகுதியில் உள்ளன. சாலையோரம் நடந்து செல்லும் இவர்களுக்கும், மூச்சிரைக்க ஏறும் வீரருக்கும் தேவை ஒன்றே: உடையாத சாலை விளிம்பு, மழைக்குப்பின் மணல் அகற்றப்பட்ட வளைவு, சக்கரமும் காலும் சிக்காத வடிகால் மூடி, வேகத்தைக் கட்டுப்படுத்திக் கொண்டு வரும் கார். 210டி பிரிவின் கீழ் வகுக்கப்படும் தரநிர்ணயத்தில் இவற்றை எழுதி வைப்பதற்குப் பெரும் நிதி தேவையில்லை.

நமக்கும் இதில் பங்கு உண்டு. நீலகிரியிலும் கொடைக்கானலிலும் சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல் இ-பாஸ் முறை நடைமுறைக்கு வந்தது. 2025 கோடையில் நீலகிரிக்கு வார நாள்களில் 6,000, வார இறுதியில் 8,000 வாகனங்கள் என வரம்பும் விதிக்கப்பட்டது. மலை தாங்கும் அளவுக்கே வாகனங்கள் என்ற கொள்கையை ஏற்றுக்கொண்ட பிறகு, வாரத்தில் ஒரு நாள் அதிகாலை இரண்டு மணி நேரம், பேருந்துக்கும் அவசர ஊர்திக்கும் மட்டும் விலக்களித்து, மலைச் சாலையை மிதிவண்டிக்கும் நடப்போருக்கும் ஒதுக்குவது அடுத்த படிதானே? பொன்முடியிலும் கோத்தகிரியிலும் இதைச் சோதனை முறையில் தொடங்கலாம்.

மோட்டார் வாகனச் சட்டத்தின் 212ஆவது பிரிவின்படி, விதிகளின் வரைவை முன்கூட்டியே வெளியிட்ட பிறகே அவற்றை இறுதி செய்ய முடியும். மாநிலச் சட்டப்பேரவையிலும் அவை வைக்கப்பட வேண்டும். ஆகவே, குடிமக்கள் கருத்துச் சொல்லவும், உறுப்பினர்கள் கேள்வி கேட்கவும் வழி இருக்கிறது. வரைவில் முதல் வரியாக இடம்பெற வேண்டியது, மிதிவண்டியும் சாலையில் செல்ல உரிமை பெற்ற வாகனமே என்பதுதான். அந்த ஒரு வரி இல்லாமல் எத்தனை ஆசியப் போட்டிகளை நடத்தினாலும், அது விருந்தினருக்குப் பந்தி விரித்துவிட்டு வீட்டாரைத் திண்ணையில் நிறுத்துவதாகவே முடியும்.