நீலப் புள்ளி இல்லாத பயணம்

போன வாரம் ராத்திரி பத்தரை மணிக்கு அக்காவிடமிருந்து போன். "தம்பி, புள்ளி நின்னுடுச்சுடா" என்றாள்.

எந்தப் புள்ளி என்று புரிய எனக்குக் கொஞ்ச நேரம் ஆனது. அக்கா மகன் மூன்று நண்பர்களோடு சென்னையிலிருந்து லடாக்குக்குக் காரிலேயே கிளம்பியிருக்கிறான். தான் எங்கே இருக்கிறோம் என்பது அம்மாவின் செல்போனில் தெரிகிற மாதிரி செய்து கொடுத்துவிட்டுப் போயிருக்கிறான். மேப்பில் ஒரு நீலப் புள்ளி, அவ்வளவுதான். அக்கா காலைக் காபியோடு அதைப் பார்ப்பாள், குழம்பு கொதிக்கும்போது பார்ப்பாள், சீரியல் இடைவேளையில் பார்ப்பாள். அந்தப் புள்ளி மணாலி தாண்டி, கேலாங் தாண்டி, மலைக்குள் ஓரிடத்தில் மாலையிலிருந்து அசையாமல் நிற்கிறது.

"அந்தப் பக்கம் டவர் கிடையாது அக்கா. வண்டி நிக்கல, சிக்னல்தான் நின்னிருக்கு."

"உனக்கென்ன, ஈஸியா சொல்லிடுவ."

தூங்கப் போகிற எண்ணம் அவளுக்கு இல்லை. எனக்கும் போனை வைக்க மனசு வரவில்லை. பேச்சை மாற்ற ஒரு கதை சொன்னேன். அதுதான் இந்த வாரம் உங்களுக்கும்.

1955 செப்டம்பர் 1. லண்டன் ஹைட் பார்க் கார்னரிலிருந்து இரண்டு லேண்ட் ரோவர்கள் சிங்கப்பூருக்குக் கிளம்பின. கப்பலில் ஏற்றி அல்ல, தரை வழியாகவே. உள்ளே ஆறு மாணவர்கள். ஐந்து பேர் கேம்பிரிட்ஜ், ஒருவர் ஆக்ஸ்ஃபோர்ட். வண்டிகளுக்கும் அதே பெயர்கள்தான்: அடர் நீல வண்டி 'ஆக்ஸ்ஃபோர்ட்', வெளிர் நீல வண்டி 'கேம்பிரிட்ஜ்'. லண்டனிலிருந்து சிங்கப்பூர் வரை சக்கரத்திலேயே போய்ச் சேர்ந்தவர் அதுவரை யாரும் இல்லை.

பையன்களிடம் பணமும் இல்லை. கம்பெனி கம்பெனியாகக் கடிதம் எழுதி, இதைக் கொடுங்கள், அதைக் கொடுங்கள் என்று கேட்டுச் சேர்த்தார்கள். பி.பி.சி.யில் அப்போது இளம் தயாரிப்பாளராக இருந்த டேவிட் அட்டன்பரோவைப் போய்ப் பார்த்தார்கள். ஆமாம், காட்டு விலங்குப் படங்களில் நாம் குரல் கேட்டுப் பழகிய அதே அட்டன்பரோ. அவர் படச்சுருள் கொடுத்தார். கேமராவைப் பிடித்த ஆண்டனி பாரிங்டன் பிரவுன் ஏற்கெனவே ஒரு காரியம் செய்திருந்தவர். டி.என்.ஏ. மாதிரிக்குப் பக்கத்தில் வாட்சனும் கிரிக்கும் நிற்கும் படம் பாடப் புத்தகங்களில் வருமே, 1953-ல் அதை எடுத்தது இவர்தான்.

அக்காவுக்கு டி.என்.ஏ.வில் அக்கறை இல்லை. "வண்டி எப்படிப்பட்டது?" என்றாள். மகன் போன வண்டிக்கு அவள்தான் கடன் கையெழுத்து போட்டிருக்கிறாள்.

லேண்ட் ரோவர் சீரிஸ் ஒன். அதன் கதையும் வேடிக்கைதான். இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் ரோவர் கம்பெனியின் மாரிஸ் வில்க்ஸ் தன் பண்ணையில் ஒரு பழைய ராணுவ ஜீப்பை ஓட்டிக்கொண்டிருந்தார். அதைப் பார்த்துத்தான் இந்த வண்டி பிறந்தது, 1948-ல் வெளிவந்தது. போருக்குப் பின் இரும்புக்குப் பஞ்சம் என்பதால் உடம்பு முழுக்க அலுமினியக் கலவைத் தகடு. சுமார் இரண்டு லிட்டர் பெட்ரோல் இன்ஜின், 52 குதிரைசக்தி. நம் தெருவில் நிற்கும் பல சின்னக் கார்களுக்கே இதைவிட அதிகம் உண்டு. பவர் ஸ்டீயரிங் கிடையாது, ஏ.சி. கிடையாது. ஒன்றாம், இரண்டாம் கியருக்கு மாற்றும்போது பழைய லாரி மாதிரி கிளட்சை இரண்டு தடவை மிதித்து வேகம் பார்த்துப் போட வேண்டும். இல்லையென்றால் கியர் கத்தும். பேட்டரி படுத்துவிட்டால் முன்னால் இரும்புக் கம்பியைச் செருகிச் சுற்றினால் போதும்.

போடியிலிருந்து ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப்போகும் ஜீப்பில் உட்கார்ந்தவர்களுக்கு ஒன்று நினைவிருக்கும். கியர் கம்பிக்குப் பக்கத்தில் குட்டையாக இன்னொரு கம்பி. ஏற்றத்தில் டிரைவர் அதைத் தள்ளியதும் வண்டி ஆமை மாதிரி, ஆனால் விடாப்பிடியாக ஏறும். நான்கு சக்கரமும் சேர்ந்து இழுக்கும் அந்த மெதுவான பல்தான் இவர்களுக்கும் கைகொடுத்தது. வேகத்தை விட்டுக்கொடுத்து இழுவையை வாங்குகிற கணக்கு.

என்னைக் கேட்டால் அந்த வண்டியின் பெரிய பலம் இது எதுவும் இல்லை. அதில் கண்ணுக்குத் தெரியாத பாகம் என்று ஒன்றுமே கிடையாது. போல்ட்டைக் கழற்றலாம், தகடு நசுங்கினால் தட்டலாம், பட்டை உடைந்தால் வழியில் ஒரு கொல்லனைப் பிடித்துச் சரிசெய்யலாம். இன்றைய வண்டி நூறு மடங்கு நல்ல வண்டி. ஆனால் சென்சார் ஒன்று கோபித்துக்கொண்டால் லேப்டாப் வைத்திருக்கும் ஆள் வரும்வரை ஓரமாக நிற்க வேண்டியதுதான். (மருமகன் வண்டியில் எத்தனை சென்சார் இருக்கிறது என்பதை அன்றைக்கு ராத்திரி அக்காவிடம் நான் சொல்லவில்லை.)

"வழி எப்படித் தெரிஞ்சுது?"

காகித மேப். அப்புறம் வாய். கேட்டுக் கேட்டுத்தான் போனார்கள். அதற்கும் முன்னால் பாலைவனத்தில் வழி கண்டுபிடிக்க என்னவெல்லாம் செய்திருக்கிறார்கள் தெரியுமா? இரும்பு வண்டிக்குள் காந்தத் திசைகாட்டியை வைத்தால் அது வண்டியைப் பார்த்தே குழம்பும். அதனால் லிபியப் பாலைவனத்தில் சுற்றிய ரால்ஃப் பேக்னால்ட் சூரிய நிழலை வைத்துத் திசை பார்க்கும் கருவியை வண்டியில் பொருத்திக்கொண்டார். அவருக்கும் முன்பு, 1921-ல், அம்மானிலிருந்து பாக்தாத் பக்கம் பறந்த பிரிட்டிஷ் விமானிகள் வழி தவறாமலிருக்கப் பாலைவனத் தரையில் டிராக்டரால் உழுது கோடு போட்டார்கள். விமானி குனிந்து அந்த உழவுச் சாலைப் பார்த்துக்கொண்டே பறக்க வேண்டும்.

பாலைவனம்தான் பெரிய கண்டம் என்று நாம் நினைப்போம். நம் ஆறு பேருக்கு அப்படி இல்லை. டமாஸ்கஸ்–பாக்தாத் பாதையில் 1923-லிருந்தே நியூசிலாந்துக்காரர்களான நேர்ன் சகோதரர்களின் வண்டிகள் ஓடிக்கொண்டிருந்தன. ஈரான் தாண்டி, பாகிஸ்தான் தாண்டி இந்தியா வரை எத்தனையோ பேர் வந்திருந்தார்கள். எல்லாரும் நின்ற இடம் அசாம். அதற்கு அந்தப் பக்கம் பர்மாவின் காடு.

அங்கே ஒரு சாலை இருந்தது. இருந்தது என்றுதான் சொல்ல வேண்டும். லெடோ சாலை. போர்க்காலத்தில் பர்மாவை ஜப்பான் பிடித்துக்கொண்டதும், சீனாவுக்குச் சரக்கு அனுப்ப அமெரிக்க ராணுவம் 1942 டிசம்பரில் அசாமின் லெடோவிலிருந்து மலையைக் குடைய ஆரம்பித்தது. பங்சாவ் கணவாய் வழியாக, அட்டையும் மலேரியாவும் சேறுமாக இருந்த காட்டுக்குள். வேலை பார்த்த அமெரிக்கச் சிப்பாய்களில் பெரும்பகுதி கறுப்பினத்தவர். அவர்களோடு உள்ளூர்த் தொழிலாளர்கள் பல ஆயிரம். ஆயிரத்துக்கும் மேற்பட்ட அமெரிக்கர்கள் செத்தார்கள். 'மைலுக்கு ஓர் ஆள்' என்றே அந்தச் சாலைக்குப் பட்டப்பெயர். செத்த கூலியாட்களை யார் எண்ணினார்கள்? 1945 பிப்ரவரியில் முதல் லாரி வரிசை சீனாவின் குன்மிங்கைத் தொட்டது. அதே ஆண்டு போர் முடிந்தது. சாலையை அப்படியே விட்டுவிட்டுப் போய்விட்டார்கள்.

பத்து வருஷ மழை. அந்த மலையில் மழை என்றால் நம் ஊர் ஐப்பசி அடைமழையைப் பல மடங்காக்கிக்கொள்ளுங்கள். கணவாய்க்கும் ஷிங்பிவியாங் என்ற ஊருக்கும் இடையே பாலங்கள் விழுந்து கிடந்தன. ஈரம் காய்ந்த சில மாதங்களில்தான் அங்கே வண்டியை நினைத்தே பார்க்கலாம். அடுத்த மழை பிடித்துக்கொண்டால் வண்டி அங்கேயே மக்க வேண்டியதுதான். எங்கே ரோடு இருக்கிறது, எங்கே இல்லை என்று மேப் சொல்லாது. ஏனென்றால் மேப்பில் அது நல்ல கோடாகவே இருக்கும்.

அந்தக் கால வண்டியில் ஆற்றைக் கடக்க ஒரு முறை உண்டு. முதலில் ஒருவர் இறங்கி நடந்து பார்க்க வேண்டும், ஆழம் எவ்வளவு, அடியில் கல்லா சேறா என்று. பிறகு ரேடியேட்டர் விசிறியின் பெல்ட்டைக் கழற்றிவிட வேண்டும்; இல்லையென்றால் விசிறி தண்ணீரை வாரி இன்ஜின் மேல் இறைத்து ஸ்பார்க்கை அணைத்துவிடும். அப்புறம் மெதுவான பல்லில் போட்டு, நடுவில் நிறுத்தாமல், அவசரமும் படாமல். இரண்டு வண்டி கொண்டுபோனதன் அருமை இங்கேதான் தெரியும். ஒன்று சிக்கினால் இன்னொன்று இழுக்கும். இரண்டும் சிக்கினால் மனிதர்கள்தான்.

கடந்தார்கள். லெடோவிலிருந்து மிட்சீனா, அங்கிருந்து பர்மாவுக்குள் தெற்கே, பிறகு சயாம். அப்போது அவசரநிலையில் இருந்த மலாயா வழியாக 1956 மார்ச் 6-ல் சிங்கப்பூர். ஆறு மாதமும் ஆறு நாளும். குழுவிலிருந்த டிம் ஸ்லெசர் அடுத்த வருஷமே இதைப் புத்தகமாக எழுதினார்.

நான் இந்த இடத்தில் கொஞ்சம் குரல் உயர்த்தி வெற்றிச் செய்தி மாதிரி சொல்லிக்கொண்டிருந்தேன் போலிருக்கிறது. அக்கா குறுக்கே வந்தாள்.

"அவங்க அம்மாங்க என்னடா பண்ணாங்க?"

எனக்குப் பதில் தெரியவில்லை. இந்தக் கதையை எத்தனையோ பேரிடம் சொல்லியிருக்கிறேன், ஒருவரும் இதைக் கேட்டதில்லை.

கடிதம் எழுதியிருப்பார்கள் என்றேன். அந்தக் காலத்தில் ஊர் சுற்றுகிறவர்களுக்கு எழுத ஒரு ஏற்பாடு உண்டு. ஆள் பெயரைப் போட்டு 'தலைமைத் தபால் நிலையம், டெஹ்ரான்' என்று எழுதினால் போதும். அவர் வந்து கேட்கும்வரை தபால் நிலையத்தில் வைத்திருப்பார்கள். பையன் வருவதற்குள் கடிதம் போய்ச் சேர வேண்டும். அவன் போட்ட பதில் வீட்டுக்கு வரும்போது அவன் அந்த ஊரை விட்டுப் போய் நாளாகியிருக்கும். 'நலமாக இருக்கிறேன்' என்று அம்மா படிப்பது போன வாரத்து நலம். லெடோ காட்டுக்குள் போய்விட்டால் அதுவும் இல்லை.

அக்கா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "தைரியசாலிங்கதான்" என்றாள். பையன்களைச் சொன்னாளா, அம்மாக்களைச் சொன்னாளா என்று நான் கேட்கவில்லை.

இந்த மாதிரிக் கதைகளைச் சொல்லும்போது நாம் ஒன்றை விட்டுவிடுகிறோம். அவர்கள் பிரிட்டிஷ் பாஸ்போர்ட் வைத்திருந்த கேம்பிரிட்ஜ் மாணவர்கள். ஊருக்கு ஊர் வரவேற்க ஆள் இருந்த காலம். அதே அசாம் மலையில் போர் நாட்களில் லாரி ஓட்டியவர்கள் இதே சேற்றைக் கடந்தார்கள், புத்தகம் எழுதவில்லை. இன்னொன்றும் உண்டு. இன்று அதே வழியில் போக விடாமல் தடுப்பது மலையோ மழையோ அல்ல. ஈராக், சிரியா, பர்மா என்று அந்தப் பையன்கள் ஒரு முத்திரை குத்திக்கொண்டு போன எல்லைகளில் பல பிறகு பூட்டிக்கொண்டன. வானத்திலிருந்து வழி காட்ட செயற்கைக்கோள் இருக்கிறது. கதவைத் திறக்க ஆள் இல்லை.

"அந்த வண்டிங்க என்னாச்சு?" மணி பன்னிரண்டரை. அக்கா குரலில் தூக்கம் எட்டிப் பார்க்க ஆரம்பித்திருந்தது.

'கேம்பிரிட்ஜ்' பின்னாளில் வேறு குழுவோடு போனபோது பள்ளத்தாக்கில் விழுந்து தொலைந்தது. 'ஆக்ஸ்ஃபோர்ட்' பறவை ஆராய்ச்சிக்காரர்களோடு அட்லாண்டிக் கடலில் உள்ள அசென்ஷன் தீவுக்குப் போய், அங்கிருந்து செயின்ட் ஹெலினா தீவுக்குப் போய், துருப்பிடித்துக் கிடந்தது. நெப்போலியனைச் சிறை வைத்தார்களே, அதே தீவு. 2017-ல் அதைத் தேடி எடுத்து இங்கிலாந்துக்குக் கொண்டுவந்து உயிர் கொடுத்தார்கள். 2019 ஆகஸ்டில் அதே வண்டி சிங்கப்பூரில் நின்றது, லண்டனுக்குத் திரும்பிப் போக. பழைய வழி கிடைக்காததால் திபெத், மத்திய ஆசியா என்று சுற்றிப் போகும் திட்டம். வண்டியில் ஏற டிம் ஸ்லெசரே வந்திருந்தார், 87 வயதில்.

கிளம்பும் நேரத்தில் அவருக்கு உடம்பு முடியாமல் போய்விட்டது. அவர் இடத்தில் பேரன் ஏறினான். தாத்தா வீட்டுக்குத் திரும்பினார். 64 வருஷத்துக்கு முன்னால் அவர் காட்டுக்குள் இருந்தார், வீட்டில் இருந்தவர்கள் காத்திருந்தார்கள். இந்தத் தடவை வண்டி போய்க்கொண்டிருந்தது, அவர் காத்திருந்தார். அந்த டிசம்பரில் வண்டி லண்டன் போய்ச் சேர்ந்தது.

"அவரும் போன்ல புள்ளி பாத்திருப்பாராடா?"

"பாத்திருப்பாரு அக்கா."

"ம்" என்றாள். வைத்துவிட்டாள்.

காலை ஆறே முக்காலுக்கு நான் பல் தேய்த்துக்கொண்டிருந்தபோது மெசேஜ் வந்தது. ஒரே வார்த்தை: 'நகருது.'