நூற்றைந்தும் ஆயிரத்தைந்தும்

கல்வியைப்பற்றிப் பேசப் புகுந்த வள்ளுவர் எண்ணை முதலிலும் எழுத்தை அதன் பின்னரும் வைத்தார். நாமோ எழுத்தின் பெருமையை மேடைதோறும் எடுத்துரைத்துவிட்டு, எண்ணை வாத்தியாரின் பிரம்பினிடம் ஒப்படைத்துவிடுகின்றோம். இலக்கியப் பக்கத்திலே கணக்குக்கு என்ன வேலை என வினவும் அன்பர்களும் இருப்பர். அரிவரி வகுப்பிலே குழந்தை எண்ணைச் சந்திப்பது முதலிற் சொல்லாகத்தான். இலக்கத்தை எழுதுமுன் அது 'ஒன்று, இரண்டு' என்று சொல்லிப் பழகுகின்றது. ஆதலின், இது மொழியை நேசிப்போரும் சிந்திக்கவேண்டிய விடயமே.

ஆண்டுகள் பல கழிந்தும் என் நெஞ்சைவிட்டு அகலாத நிகழ்ச்சியொன்றை முதலிற் கூறிவிடுகின்றேன். அப்பொழுது நான் கிராமத்துப் பாடசாலையொன்றில் மூன்றாந் தரத்துக்குக் கணிதம் படிப்பித்துக்கொண்டிருந்தேன். ஒருநாள், சொல்வதெழுதுதல் நடத்துவதுபோல, எண்களைச் சொல்லிப் பிள்ளைகளை எழுதச் செய்தேன். 'நூற்றைந்து' என்றேன். பின்வாங்கிலிருந்த சிறுவன் ஒருவன் தன் கொப்பியிலே 1005 என எழுதியிருந்தான். 'இருநூற்று முப்பத்தைந்து' என்றதற்கு 200305 என எழுதியிருந்தான். நான் அக்கொப்பியை உயர்த்திப் பிடித்து, "பாருங்கள், நூற்றைந்து ரூபாவை ஒரு நொடியில் ஆயிரத்தைந்து ரூபா ஆக்கிவிட்டார் இந்தச் செல்வந்தர்" என்றேன். வகுப்பு சிரித்தது. அடிமட்டத்தால் அவன் விரல்களில் இரண்டு தட்டும் தட்டினேன். அவ்வாண்டு முழுவதும் அவன் தானாக வாய்திறந்து ஒரு விடையேனும் கூறவில்லை.

சில வாரங்கள் கழிந்தன. பனங்கிழங்குக் காலம் வந்தது. சந்தைக்குச் சென்ற நான், சாக்கை விரித்துக் கிழங்குக் கட்டுகளை அடுக்கிவைத்திருந்த ஒரு பெண்ணின் அருகிலே அதே சிறுவன் குந்தியிருக்கக் கண்டேன். "வாங்கோ வாத்தியார்" என்றாள் தாய். பத்துக் கிழங்கு கொண்ட கட்டு 45 ரூபா. மூன்று கட்டுக் கேட்டேன். தாய் கிழங்கை எடுக்குமுன் சிறுவன், "ரெண்டு கட்டுத் தொண்ணூறு, மற்றக் கட்டோடை நூற்று முப்பத்தைஞ்சு" என்றான். இரண்டு நூறு ரூபாத் தாள்களைக் கொடுத்தேன். அவன் முதலில் ஐந்து ரூபாக் குற்றியொன்றை என் கையில் வைத்து "நூற்று நாற்பது" என்றான்; ஐம்பது ரூபாத் தாளை வைத்து "நூற்றுத் தொண்ணூறு" என்றான்; பத்து ரூபாவை வைத்து "இருநூறு" என்று முடித்தான். அவன் கடன்வாங்கிக் கழிக்கவுமில்லை, விரல்விட்டு எண்ணவுமில்லை. வகுப்பிலே எண்ணை எழுதத் தெரியாதவன் என நான் முடிவுகட்டிய பிள்ளை, சந்தையிலே எண்ணோடு விளையாடிக்கொண்டிருந்தான். அன்று கிழங்கைக் கொண்டு வீடு திரும்பியபோது வெட்கமும் என்னோடு வந்தது.

அவன் எழுதிய 1005 என்னும் பிழையைப் பின்னர் பலநாள் எண்ணிப்பார்த்தேன். நூறு என்றால் 100 என்று நானே கற்பித்திருந்தேன். ஐந்து என்றால் 5 என்றும் கற்பித்திருந்தேன். நூற்றைந்து என்பது நூறும் ஐந்தும். எனவே 100 எழுதி, அதன் பக்கத்தில் 5 எழுதினான். காதில் விழுந்ததை அவன் பிசகின்றி எழுதியிருக்கின்றான். நம் முன்னோர் எழுதிய முறையும் இதுவேயாகும். பழைய தமிழ் எண்களிலே பத்துக்கு ௰ என்றும், நூற்றுக்கு ௱ என்றும், ஆயிரத்துக்கு ௲ என்றும் தனித்தனிக் குறிகள் இருந்தன. நூற்றைந்தை ௱௫ என்றும், இருநூற்று முப்பத்தைந்தை ௨௱௩௰௫ என்றும் எழுதினர். சொல்லும் முறையே எழுதும் முறையாக இருந்தது. அங்கே பூச்சியத்துக்கு வேலை இல்லை. நாம் இன்று வழங்கும் இடப்பெறுமான முறையிலோ நூறு என்னும் சொல் மறைந்து, 'மூன்றாம் இடம்' என்னும் நிலை அதன் வேலையைச் செய்கின்றது. நூற்றைந்தில் பத்துகள் இல்லை என்பதை வாய் சொல்வதில்லை. தாளில் மட்டும் பூச்சியமாக எழுதுகின்றோம். மனித இனம் பல நூற்றாண்டுகளிற் கடந்துவந்த இத்தூரத்தை ஏழு, எட்டு வயதுப் பிள்ளை ஒரு தவணையிற் கடக்கவேண்டும் என்கின்றோம். அவன் இடையிலே சற்றுத் தங்கி நின்றதற்கு நான் அடிமட்டத்தை எடுத்தேன்.

நம் மொழி இவ்விடயத்திற் பிள்ளைக்குப் பெருந்துணை செய்வது. ஆங்கிலப் பிள்ளை பதினொன்றுக்கும் பன்னிரண்டுக்கும் கற்கும் சொற்களிலே பத்து என்பது வெளிப்படத் தோன்றாது. தமிழ்ப் பிள்ளையோ 'பதினொன்று' என்னும்போதே பத்தையும் ஒன்றையும் சொல்லிவிடுகின்றது. இருபது இரு பத்து. முப்பது மூன்று பத்து. எண்பது எட்டுப் பத்து. இவ்வளவு தெளிவாக நடந்துவந்த பாதையில் ஒன்பதிலே மட்டும் ஒரு மேடு குறுக்கிடுகின்றது. ஒன்பது பத்தைத் தொண்ணூறு என்கின்றோம்; நூறு ஆகாத எண்ணின் பெயரிலே நூறு ஒலிக்கின்றது. ஒன்பது நூற்றைத் தொள்ளாயிரம் என்கின்றோம். ஆயிரம் ஆகாத எண்ணின் பெயரிலே ஆயிரம் ஒலிக்கின்றது. தொல்காப்பியமும் நன்னூலும் இப்புணர்ச்சிக்குத் தனியே விதி கூறின. இலக்கண ஆசிரியர்கள் தனிவிதி வகுக்கவேண்டியிருந்த இடத்திலே, ஒரு சிறுபிள்ளை தடுமாறுவதில் வியப்பென்ன? தொண்ணூற்றிரண்டை 102 என எழுதும் பிள்ளையைக் கண்டால் ஆசிரியர் கோபிக்க வேண்டியதில்லை. எண்பதுக்கு அடுத்த இப்படியிலே நின்று, ஒன்பது பத்துக்கட்டுகளைக் கையிற் கொடுத்து, "நம்மவர் இதற்கு ஒரு விநோதமான பெயர் வைத்திருக்கின்றனர்" என்று சொல்லிக்கொடுத்தாற் போதும்.

நிற்க. எண்ணில் வல்லமை என்பது யாது என்பதிலே நம்மிடையே இரு சாரார் உளர். ஒரு சாரார், "அக்காலத்துத் திண்ணைப் பள்ளியைப் பாருங்கள், எண்சுவடி முழுவதும் மனப்பாடம். முந்திரி என்னும் 320இல் ஒரு பங்குவரை பிள்ளைகள் மளமளவென்று சொன்னார்கள்" என்பர். மற்றைய சாரார், "மனப்பாடம் கிளிப்பிள்ளை வேலை, கைத்தொலைபேசியிலேயே கணக்குப்பொறி இருக்கும் காலத்தில் வாய்பாடு எதற்கு?" என்பர். இவ்விருவரோடும் எனக்கு உடன்பாடில்லை.

முந்தியவர்களுக்கு ஒன்று சொல்வேன். எண்சுவடியோடு நெல்லிலக்கமும் பொன்னிலக்கமும் கற்பிக்கப்பட்டன. மனப்பாடம் செய்த பின்னங்கள் நெல் அளக்கும் களத்திலும் பொன் நிறுக்கும் கடையிலும் பிள்ளையின் கண்முன்னே நின்றன. அக்களத்தையும் கடையையும் நீக்கிவிட்டு மனப்பாடத்தை மட்டும் வகுப்புக்குள் கொண்டுவந்தால், எஞ்சுவது வெறும் ஓசையே. பிந்தியவர்களுக்கும் ஒன்று சொல்வேன். வகுத்தற் கணக்கொன்றைச் செய்யும் பிள்ளை, நடுவிலே ஏழெட்டு எவ்வளவு என்று முதலிலிருந்து எண்ணத் தொடங்கினால், எண்ணி முடிக்குமுன் கணக்கு எங்கே நின்றது என்பதையே மறந்துவிடும். மனம் ஒரு நேரத்தில் தாங்கும் சுமை சிறிது. அடிப்படை விடைகள் தாமாக நாவில் வந்தால்தான் சிந்தனைக்கு இடம் கிடைக்கும். ஆதலின் வாய்பாடு வேண்டும். ஆனால் அதற்குமுன் பொருள் வேண்டும்.

பொருளோடு அணுகினால் அச்சுமையும் அத்துணைப் பெரிதன்று. ஒன்று முதல் பத்து வரையுள்ள பெருக்கல்கள் 100. மூன்று ஏழும் ஏழு மூன்றும் ஒன்றே எனப் பிள்ளை கண்டுகொண்டால் 100 என்பது 55 ஆகும். ஒன்றையும் பத்தையும் யாரும் மனப்பாடம் செய்யத் தேவையில்லை, மிஞ்சுவன 36. இரண்டு என்பது இரட்டித்தல். ஐந்து என்பது பத்தின் பாதி. அவற்றையும் நீக்கினால் 21. ஒன்பதாம் வாய்பாடு பத்தாம் வாய்பாட்டில் ஒருமுறை குறைத்தல். அதையும் நீக்கினால் மனத்தில் நிறுத்தவேண்டியவை 15 மட்டுமே. அவற்றிலும் ஏழெட்டு மறந்துபோனால், ஐயெட்டு நாற்பது, ஈரெட்டுப் பதினாறு, ஆக ஐம்பத்தாறு என்று திரும்பி வருவதற்கு வழி உண்டு. நூறு விடைகளைத் தனித்தனியே சுமக்கும் பிள்ளைக்கு ஒன்று தவறினால் தவறியதுதான். வழி அறிந்த பிள்ளை தவறியதைத் தேடி எடுத்துக்கொள்ளும். எண்ணில் வல்லமை என நான் கருதுவது இதனையே.

எனது சந்தை அனுபவம் எனக்கு மட்டும் வாய்த்ததன்று என்பதைப் பின்னர் அறிந்தேன். பிரேசில் நாட்டு ரெசிஃபே நகரத் தெருக்களிலே வியாபாரம் செய்த ஐந்து சிறுவரை டெரெசினா கராஹெர், டேவிட் கராஹெர், அனலூசியா ஷ்லீமான் என்னும் மூவர் ஆராய்ந்து 1985இல் வெளியிட்டனர். அவர்கள் முதலில் வாடிக்கையாளர்போல் விலை கேட்டனர். பின்னர் அதே கணக்குகளைத் தாளும் பென்சிலும் கொடுத்துக் கேட்டனர். தெருவிலே நூற்றுக்கு 98 விடைகள் சரியாயின. தாளில் வெறும் எண்களாகக் கொடுத்த கணக்குகளில் நூற்றுக்கு 37 மட்டுமே சரியாயின. தேங்காய் விற்ற பன்னிரண்டு வயதுச் சிறுவன், 35 வீதம் நான்கு தேங்காய்க்கு, மூன்றுக்கு 105, அதனோடு முப்பது, பின் ஐந்து எனக் கூட்டி 140 என்றான். தாளில் 35ஐ நான்கால் பெருக்கச் சொன்னபோது, பாடசாலை முறையிலே கொண்டுபோன இரண்டை மூன்றோடு முதலிற் கூட்டிப் பின் பெருக்கி 200 என விடை எழுதினான். சந்தையிலே 140க்குத் தேங்காய் விற்றவனே தாளில் 200 எழுதியபோது அஃது அவனுக்கு வித்தியாசமாகத் தோன்றவில்லை. தாளில் எழுதுவது வேறோர் உலகத்துக் கணக்கு என அவனும் எண்ணிவிட்டான்போலும்! அவ்விரு உலகங்களையும் இணைக்கும் பாலம் கட்டுவதே ஆரம்ப வகுப்பு ஆசிரியரின் தொழில்.

இப்பாலத்துக்குப் பெருஞ்செலவு வேண்டுவதில்லை. ஈர்க்குகளைப் பத்துப்பத்தாகக் கட்டிவைத்தால் பத்தும் ஒன்றும் கையில் வந்துவிடும். பத்துக் கட்டுகளைச் சேர்த்து ஒரு பெருங்கட்டாக்கினால் நூறும் வந்துவிடும். நூற்றைந்து என்றால் ஒரு பெருங்கட்டு, சிறுகட்டு எதுவுமில்லை, தனி ஈர்க்கு ஐந்து. அந்த 'எதுவுமில்லை' என்பதை எழுதும் குறிதான் பூச்சியம் என்று அப்பொழுது சொன்னால், பிள்ளை அதனை மறவாது. எட்டும் ஏழும் எவ்வளவு என்று கேட்டால், ஏழிலிருந்து இரண்டை எடுத்து எட்டைப் பத்தாக்கி, மிஞ்சிய ஐந்தைச் சேர்க்கப் பழக்கலாம். நாள்தோறும் பத்து நிமிடம் இவ்வாறு வாய்க்கணக்குச் செய்தால் ஓராண்டில் விளையும் பயன் பெரிது. இவை யாவற்றினும் மேலாக, விடை சரியாயினும் பிழையாயினும், "எப்படி வந்தது?" என்று கேட்கும் பழக்கம் வேண்டும். அன்று நான் அக்கேள்வியைக் கேட்டிருந்தால், 'நூறு, பிறகு ஐந்து' என்று அவன் சொல்லியிருப்பான். எனக்கும் விளங்கியிருக்கும்.

"ஐந்தாந் தரப் புலமைப்பரிசில் பரீட்சை பிடரியிலே நிற்கும்போது இதற்கெல்லாம் நேரமேது?" என ஆசிரியர் கேட்பர், பெற்றோரும் கேட்பர். அக்கேள்வியின் வேதனையை நான் அறிவேன். 1999ஆம் ஆண்டு முதல் நடைமுறைக்கு வந்த ஆரம்பக் கல்விச் சீர்திருத்தம் விளையாட்டு, செயற்பாடு, மேசைவேலை என மூவகையாகக் கற்பிக்கச் சொல்லியது. ஆயினும் பரீட்சை நெருங்க நெருங்க மேசைவேலை மட்டுமே மிஞ்சுகின்றது. மாலையில் தனியார் வகுப்பும் அதனோடு சேர்ந்துகொள்கின்றது. நான்காந் தரத்திலே அவசரப்பட்டுப் புகட்டும் குறுக்குவழிகள், முதலிரு தரங்களிற் பத்தைப் பத்தாகக் காணப் பழகிய பிள்ளைக்கே பயன்படும்; பழகாத பிள்ளைக்கு அவை மேலும் ஒரு மனப்பாடச் சுமையாகும். எனவே, காலம் போதாது என்போர் காலத்தைத் தொடக்கத்திலே செலவிடுவார்களாக. பெற்றோர்களும், பிள்ளை எத்தனை நொடியில் விடை சொன்னது என்று மணிக்கூட்டைப் பார்ப்பதை விடுத்து, கடைக்குப் போகும்போது மிச்சக்காசை எண்ணி வாங்கும் பொறுப்பை அதனிடம் கொடுத்துப் பார்ப்பார்களாக.

அச்சிறுவன் இப்பொழுது வளர்ந்த மனிதனாக எங்கேனும் இருப்பான். கணக்கு எனக்கு வராது என்று யாரிடமேனும் இன்றும் சொல்லிக்கொண்டிருப்பானோ என நினைக்கும்போதெல்லாம் என் உள்ளம் உறுத்துகின்றது. கணக்கு அவனுக்கு வந்திருந்தது. எனக்குத்தான் அவனுடைய கணக்கைப் படிக்கத் தெரியவில்லை. இளம் ஆசிரியர்களே, நாளைக்கு உங்கள் வகுப்பிலே ஒரு பிள்ளை நூற்றைந்தை 1005 என எழுதும். சிவப்புப் பேனாவை எடுக்குமுன், அதன் பக்கத்திலே ஒரு நிமிடம் உட்காருங்கள்.