மருமகளுக்கு முன்னால் மகனுக்கு டெஸ்ட் எடுங்கள்!

என் அக்கா மகளுக்குக் கல்யாணமாகி ஏழு வருஷம். அவள் போகாத கோயில் இல்லை, சுற்றாத அரசமரம் இல்லை. "குறை உன்கிட்டதான்டி இருக்கும், ஒழுங்கா விரதம் இரு" என்று அவளிடம் சொன்ன வாய் என்னுடையது. இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. அதனால்தான் இந்தக் கடிதம்.

நகையை அடகு வைத்து இரண்டு முறை டெஸ்ட் டியூப் சிகிச்சை செய்தார்கள். பத்துப் பன்னிரண்டு நாள் ஊசி, ஸ்கேன், மயக்க மருந்து கொடுத்துக் கருமுட்டை எடுப்பது என்று வேதனை எல்லாம் அவளுக்குத்தான். இரண்டு தடவையும் கரு மூன்றாம் நாள் வரை வளர்ந்து, அப்புறம் நின்றுவிட்டது. "அவ முட்டை சரியில்லை" என்று புகுந்த வீட்டில் ஒரே பேச்சு. மாப்பிள்ளையைப் பற்றி யாரும் மூச்சு விடவில்லை. நாலு வருஷத்துக்கு முன் எடுத்த ரிப்போர்ட்டில் 'நார்மல்' என்று இருந்ததாம்!

அடுத்துப் பார்த்த லேடி டாக்டர், விந்துப் பரிசோதனையைச் சில வார இடைவெளியில் இரண்டு தடவை எடுக்கச் சொன்னார். இரண்டிலும் எண்ணிக்கை குறைவு. விதைப்பையில் 'வெரிகோசீல்' என்கிற ரத்தநாள வீக்கம் வேறு. போதாததற்கு வாயில் எந்நேரமும் புகையிலை.

டாக்டர் சொன்னதில் எனக்குப் புரிந்ததை எழுதுகிறேன். குழந்தையில்லாத தம்பதிகளில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு ஆணின் குறையும் ஒரு காரணம். 1992-ல் முதல் குழந்தை பிறந்த 'இக்சி' முறையில், ஒரே ஒரு விந்தணுவை ஊசி மூலம் முட்டைக்குள் செலுத்தி விடலாம். எண்ணிக்கை குறைந்தவர்களுக்கு இது பெரிய வரப்பிரசாதம். ஆனால் உள்ளே போனால் மட்டும் போதாதாம். முதல் இரண்டு மூன்று நாள், கரு தாயின் முட்டையில் இருக்கும் இருப்பை வைத்தே வளர்கிறது. அதற்குப் பிறகுதான் தகப்பன் கொடுத்த மரபணு முழுதாக வேலை செய்ய ஆரம்பிக்கிறது. அது சிதைந்திருந்தால் கரு பாதியில் நிற்கலாம், கலைந்தும் போகலாம். ஆக, கரு நின்றுபோனால் முட்டை மட்டும்தான் காரணம் என்று சொல்லவே முடியாது.

இன்னொரு விஷயம். ஒரு விந்தணு உருவாகச் சுமார் இரண்டரை மாதம் ஆகும். இன்று புகையிலை, சிகரெட், குடியை விட்டால் பலன் தெரிய மூன்று மாதமாவது வேண்டும். உடம்பைத் தேற்ற ஜிம்மில் ஹார்மோன் ஊசி போட்டுக்கொள்கிற பிள்ளைகளுக்கு விந்தணு உற்பத்தியே நின்றுபோகலாம். இதையெல்லாம் பார்க்காமல் பெண்ணுக்கு ஊசி போட்டு என்ன பயன்?

"ஆம்பளைப் பிள்ளைய எப்படி டெஸ்டுக்கு அனுப்பறது?" என்று கேட்கிறவர்கள் நிறைய. விந்தணுக் குறைவு வேறு, ஆண்மைக் குறைவு வேறு. கட்டுமஸ்தான ஆளுக்கும் இது வரலாம். பெண்ணுக்குச் செய்கிற பரிசோதனைகளோடு பார்த்தால், இதில் வலியும் இல்லை, செலவும் குறைவு.

மாப்பிள்ளைக்கு ஆபரேஷன் முடிந்தது. புகையிலையை விட்டும் நாலு மாசமாகிறது. அவள் உண்டாகியிருக்கிறாளா என்று கேட்பீர்கள். இன்னும் இல்லை. ஆனால் போன வாரம் அவரே தன் அம்மாவிடம், "குறை என்கிட்டயும் இருக்கும்மா, இனிமே அவளை ஒண்ணும் சொல்லாதீங்க" என்றாராம். "சித்தி, இந்த ஒரு வார்த்தை போதும் எனக்கு" என்று போனில் அழுதாள் அவள்.

மாமியார்மார்களே, மருமகளைக் கோயிலுக்குக் கூட்டிப் போங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. அதற்கு முன்னால் மகனை ஒரு நடை லேபுக்கு அனுப்பி வையுங்கள்!

- ஒரு வாசகி, கும்பகோணம்.