தேதி கேட்கிறவர்களுக்கு

“தேதி இல்லை, பக்க எண் இல்லை, எந்தப் பதிப்பு என்றும் தெரியவில்லை. இது ஆதாரமாகாது.” எங்கள் பிள்ளைகள் ஆய்வேட்டில் சேர்க்கும் செய்தித்தாள் துண்டுகளுக்குக் கிடைக்கும் தீர்ப்பு இது. எனக்கும் இதே தீர்ப்புதான் வந்தது. ஜீயபுரம் பக்கத்துச் சேரியில் ஒரு தாத்தா டிரங்குப் பெட்டியில மடிச்சு வச்சிருந்த துண்டு அது. எங்க சனம் அடிபட்ட சேதி வேணும்னு வெட்டி வச்சவர், பக்க எண்ணுக்கா கத்திரி வைப்பார்?

விவரம் ஏன் இல்லாமப் போச்சு? 1893இல் இரட்டைமலை சீனிவாசன் தொடங்கிய ‘பறையன்’ 1900 வரை வந்தது. அதில் பெரும்பகுதி இன்று கிடைப்பதில்லை. 19.6.1907இல் அயோத்திதாசர் தொடங்கிய ‘ஒரு பைசாத் தமிழன்’ மறு ஆண்டு ‘தமிழன்’ ஆனது. அதன் தாள்கள் தப்பிப் பிழைத்தது அன்பு பொன்னோவியம் போன்றவர்களின் பாதுகாப்பில். 1999இல் ஞான. அலாய்சியஸ் தொகுத்து, பாளையங்கோட்டை நாட்டார் வழக்காற்றியல் ஆய்வு மையம் வெளியிட்ட ‘அயோத்திதாசர் சிந்தனைகள்’ தொகுதிகளைப் புரட்டுங்கள். கட்டுரைகளின் அடியில் மலர், இதழ், தேதி எல்லாம் இருக்கும். முழுத்தாளும் கைக்கு வந்தா தேதி போட எங்களுக்கும் தெரியும்.

தமிழ் நாளிதழ்களுக்குத் திருச்சி, மதுரை, சென்னை என்று பல பதிப்புகள். சேரியில் விழுந்த அடி திருச்சிப் பதிப்பில் நாலு வரி வந்தால் பெரிசு. சென்னைப் பதிப்பைத் தேடிவிட்டு “அப்படியொரு செய்தியே இல்லை” என்பது என்ன ஆராய்ச்சி? பதிப்புக்குப் பதிப்பு பக்கம் மாறுவதால், நாளிதழுக்குப் பக்க எண் கட்டாயமில்லை என்று அமெரிக்காவின் சிகாகோ நடைக் கையேடே சொல்கிறது. இங்கே மட்டும் அது வேதமாம்.

தோழர்களே, அதற்காக உத்தேசமாக ஒரு தேதியை எழுதிவிடாதீர்கள். ஒரு பொய்த் தேதி போதும், நடந்த கொலையையும் பொய்யாக்கிவிடுவார்கள். “தேதி இல்லை” என்றே எழுதுங்கள். துண்டை வைத்திருந்தவர் எந்த ஊர், எப்போது உங்கள் கைக்கு வந்தது என்பதையும் எழுதுங்கள். பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். சினிமா விளம்பரமோ தேர்தல் முடிவோ இருந்தால் காலம் பிடிபடும். அதையும் “என் கணிப்பு” என்று சொல்லி அடைப்புக்குறிக்குள் போடுங்கள். துண்டு துண்டாகத்தான் நம் வரலாறு மிஞ்சியிருக்கிறது என்பதும் அப்போது பதிவாகும்.

தேதி கேட்கட்டும், தப்பில்லை. ஆனா எங்க தாளைச் சேர்த்து வைக்காத நூலகங்களை வச்சுக்கிட்டு, எங்க பிள்ளைகிட்ட பக்க எண் கேட்கிற பல்கலைக்கழகம் முதல்ல வெட்கப்படணும்.