'முதல்' படம் என்று சொல்ல வெட்கமாக இல்லையா?

2018-ல் 'டிக் டிக் டிக்' வந்தபோது "இந்தியாவின் முதல் விண்வெளிப் படம்" என்று விளம்பரம் செய்தார்கள். டிவியும் பேப்பரும் அதை அப்படியே ஒப்பித்தன. யாரும் வாய் திறக்கவில்லை.

1963 ஏப்ரலிலேயே 'கலை அரசி' வந்துவிட்டது. ஏ.காசிலிங்கம் இயக்கம், எம்.ஜி.ஆர், பானுமதி நடிப்பு. விஞ்ஞானத்தில் முன்னேறிய ஒரு கிரகத்துக்கு ஆடல் பாடல் தெரியாது. அதைக் கற்றுத்தர ஆள் வேண்டுமென்று பானுமதியைத் தூக்கிக்கொண்டு போகிறார்கள். மீட்டு வர எம்.ஜி.ஆர் அங்கேயே போகிறார். தும்பாவிலிருந்து இந்தியாவின் முதல் ராக்கெட் கிளம்பியது அதே வருஷம் நவம்பரில்தான். அதாவது, நாடு ராக்கெட் விடுவதற்கு ஏழு மாதம் முன்பே தமிழ் சினிமா வேற்று கிரகத்துக்குப் போய்த் திரும்பிவிட்டது!

"அட்டை செட்டு, பார்த்தால் சிரிப்பு வரும்" என்பார்கள். வரட்டுமே. 1963-ல் கம்ப்யூட்டர் கிராபிக்ஸா இருந்தது? செட்டைப் பார்த்துச் சிரிப்பவர்கள் கருவைக் கவனிப்பதில்லை. வேற்று கிரகவாசி என்றால் ஊரை அழிக்க வருபவன் என்றே ஹாலிவுட் பெரும்பாலும் காட்டிக்கொண்டிருந்த காலம் அது. எல்லாம் இருந்தும் சங்கீதம் இல்லையே என்று ஏங்கி வருபவனை இங்கே யோசித்தார்கள்.

அடுத்து 1986, 'விக்ரம்'. சுஜாதாவின் கதை. கடத்தப்பட்ட ஏவுகணையின் பெயர் அக்னிபுத்திரன். நிஜமான அக்னி ஏவுகணையைச் சோதித்தது 1989-ல். கூடவே ஒரு கம்ப்யூட்டர் நிபுணி, அதுவும் பெண்! இந்தப் படத்தைப் பல வருஷம் பாட்டுக்காக மட்டுமே ஞாபகம் வைத்திருந்தார்கள். 2022-ல் அதே பெயரில், அதே பாத்திரத்தின் தொடர்ச்சியாகப் புதுப்படம் வந்து வசூலை அள்ளியபோதுதான் பலரும் பழையதைத் தேடிப் பார்த்தார்கள். செல்வாக்கு என்பது இதுதான். முப்பத்தாறு வருஷம் மண்ணுக்குள் கிடந்தாலும் விதை முளைக்கும்.

அதே 1986 ஜனவரியில் வேறொன்றும் நடந்தது. வாணியம்பாடியிலிருந்து ஆலங்காயம் வழியாக மலையேறினால் வருகிற காவலூரில் 2.34 மீட்டர் தொலைநோக்கியைத் திறந்தார்கள். 1977-ல் யுரேனஸின் வளையங்கள் தெரியவந்த இரவில் காவலூரிலிருந்தும் அதைப் பதிவு செய்திருந்தார்கள். தோல் வாசனைக்கும் பிரியாணிக்கும் பேர்போன இந்தப் பகுதி வானத்தையும் பார்த்த பகுதி. ஆனால் இங்குள்ள மாணவனிடம் விண்வெளிப் படம் என்று கேட்டால் 'இன்டர்ஸ்டெல்லார்' என்பான். 'கலை அரசி' என்றால் முழிப்பான். ஆம்பூரில் தைத்த ஷூவிலேயே வெளிநாட்டு முத்திரை விழுந்தால்தானே மதிப்பு! சினிமாவிலும் அதே வியாதி.

இது வெறும் பெருமைப் பேச்சில்லை. தென்னிந்தியாவின் முதல் மௌனப்படமான 'கீசக வதம்' எடுத்த நடராஜ முதலியார் வேலூரில் பிறந்தவர். அந்தப் படத்தை இன்று யாராலும் பார்க்க முடியாது, பிரதியே இல்லை. அலட்சியத்தின் விலை அது. பிலிம் காத்திருக்காது, மட்கிப் போகும்.

"பழைய படத்துக்கு யார் காசு போடுவார்கள்?" என்று கேட்பவர்களுக்கு லாப நஷ்டக் கணக்கிலேயே பதில் சொல்லலாம். 1964-ல் வந்த 'கர்ண'னைப் புதுப்பித்து 2012-ல் திரையிட்டபோது தியேட்டர்கள் நிரம்பின. அதே வேலையைக் 'கலை அரசி'க்கும் செய்தால் என்ன? எம்.ஜி.ஆர் படத்துக்குக் கூட்டம் வராது என்று தமிழ்நாட்டில் யாராவது சொல்வார்களா?

அதுவரை குறைந்தபட்சம் ஒன்று செய்யலாம். இனி எந்தப் போஸ்டரிலாவது 'முதல்' என்று போடும் முன், ஒருமுறை 1963-ஐத் திரும்பிப் பாருங்கள், போதும்.