மூன்று கால் பின்னலும் கிண்டிக் கணக்கும்

தினமும் காலையில் பெண்ணுக்குத் தலை பின்னி விடும் சகோதரிகளுக்கு ஒரு சேதி. நம் தோல், எலும்பு, பல் ஈறு எல்லாவற்றையும் இறுக்கிப் பிடித்து வைத்திருக்கும் கொல்லாஜன் என்ற புரதமும் ஏறக்குறைய மூன்று கால் பின்னல்தான். மூன்று இழைகள் ஒன்றையொன்று சுற்றி, முப்புரிக் கயிறாக இருக்கிறது.

இதைக் கண்டு சொன்னது ஏதோ சீமையில் என்று நினைத்து விடாதீர்கள். தாம்பரத்தில் மின்சார ரயில் ஏறினால் அரை மணியில் வருமே, அந்தக் கிண்டியில்! சென்னைப் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஜி.என். ராமச்சந்திரன், கோபிநாத் கர்த்தாவோடு சேர்ந்து 1954-ல் வெளியிட்டார். அவர் டாக்டர் இல்லை, பௌதிகப் பேராசிரியர். அடையாறு தோல் ஆராய்ச்சி நிலையத்திலிருந்து கங்காரு வாலின் தசைநார் கிடைத்தது. (கங்காரு எங்கே, அடையாறு எங்கே!) அதில் எக்ஸ்-ரே செலுத்தி, படத்தில் விழுந்த புள்ளிகளை அளந்து, கணக்குப் போட்டே கயிற்றின் வடிவத்தைக் கண்டுபிடித்தார்கள். மறு வருஷமே அதை இன்னும் திருத்தமாக்கினார்கள்.

அந்தக் கயிற்றின் நடுவில் இடம் ரொம்பக் குறைச்சல். அதனால் ஒவ்வோர் இழையிலும் மூன்றாவது மணி எப்போதும் கிளைசின் என்ற மிகச் சிறிய மணியாகவே இருக்க வேண்டும். பிறவியிலேயே அந்த இடத்தில் பெரிய மணி வந்துவிட்டால் கயிறு சரியாக முறுக்கேறாது. சில குழந்தைகளுக்கு லேசாக விழுந்தாலே எலும்பு முறிகிறதே, அதற்கு இதுவும் ஒரு காரணம்.

கயிறு உறுதிப்பட வைட்டமின் சி தேவை. அது அறவே குறைந்தால் ஈறில் ரத்தம் கசியும். நெல்லிக்காய், கொய்யா போதும். எலுமிச்சையை அடுப்பிலிருந்து இறக்கிய பிறகே பிழியுங்கள். இப்போது கடையில் கொல்லாஜன் பவுடர் என்று விற்கிறார்கள், விலையைக் கேட்டால் தலை சுற்றுகிறது. வயிற்றுக்குள் போனால் அதுவும் பருப்புப் புரதம் போல ஜீரணமாகி உதிர்ந்துதான் போகும்.

1963-ல் ராமகிருஷ்ணன், சசிசேகரன் இருவரோடும் சேர்ந்து ராமச்சந்திரன் இன்னொன்று செய்தார். கூட்டமான பஸ்ஸில் முழங்கையை எந்தப் பக்கம் திருப்பினால் அடுத்தவர் மேல் இடிக்காது என்று பார்ப்போமில்லையா? அதே மாதிரி, புரத இழை எந்தெந்தக் கோணத்தில் வளைந்தால் அணுக்கள் இடித்துக்கொள்ளாது என்று கணக்கிட்டு ஒரு படம் போட்டார்கள். மேஜைக்கு மேஜை கம்ப்யூட்டர் இல்லாத காலம் அது. இன்றும் உலகில் யார் புதிதாக ஒரு புரதத்தின் வடிவத்தைக் கண்டாலும், ‘ராமச்சந்திரன் வரைபட’த்தில் வைத்துச் சரிபார்க்கிறார்கள்.

எதிர் வீட்டுப் பெண் பத்தாவது முடித்திருக்கிறாள். கணக்கும் பிடிக்கிறது, தாவரம், பிராணி என்றாலும் உயிர். அவள் அம்மாவோ, “டாக்டருக்குத்தானே அக்கா படிக்கப் போறா, கணக்கு எதுக்கு?” என்கிறாள். எனக்கென்னவோ சம்மதமில்லை. கணிதமும் உயிரியலும் சேர்ந்த முதல் குரூப்பே இருக்கிறதே! அதை எடுத்தால் டாக்டர் படிப்புக் கதவும் மூடாது. தரமணி கணித அறிவியல் நிலையத்தில் இன்று கம்ப்யூட்டர் வழி உயிரியலில் ஆராய்ச்சிப் பட்டமே வாங்கலாம். விண்ணப்பம் கொடுக்க இன்னும் ஒரு வாரம் இருக்கிறது. சொல்லி வைத்திருக்கிறேன், பார்க்கலாம்.