பரீட்சை முந்தட்டும்

உணவு விளையும் வயலையும் அதற்குரிய நீரையும் தீண்டாமல், வானம் பார்த்த பூமியில் எண்ணெயும் விறகும் தரும் பயிர்களை வளர்த்து, நாட்டின் எரிபொருள் தேவையில் ஒரு பங்கையேனும் ஈடுசெய்ய வேண்டுமென்பது நல்ல எண்ணமே. ஆயினும் அதை நிறைவேற்றப் புறப்பட்டவர்கள் ஆராய்ச்சிக்கு உரிய காலத்தைக் கொடுக்காமல் அவசரப்பட்டதன் பலனை, காட்டாமணக்கை நம்பி நட்ட விவசாயிகளே அனுபவித்தார்கள் என்பதை நாம் மறந்துவிடலாகாது.

திட்டக் கமிஷன் அமைத்த குழுவொன்று, தேசத்தில் 1 கோடியே 34 லட்சம் ஹெக்டேரில் காட்டாமணக்கு பயிரிடலாமென்றும், 2011-12க்குள் டீசலில் 20 சதவீதம் பயோடீசல் கலந்துவிடலாமென்றும் 2003-ஆம் ஆண்டில் கணக்கிட்டது. அந்த இலக்கின் அருகில்கூட நாம் செல்லவில்லை. மெக்ஸிகோவையும் மத்திய அமெரிக்காவையும் தாயகமாகக் கொண்ட இச்செடியை, ஆடு மாடு கடிக்காது என்பதற்காக வேலியோரத்தில் வைத்தோமேயன்றி, நெல்லையும் பருத்தியையும் போல் தலைமுறை தலைமுறையாக விதை பொறுக்கிப் பண்படுத்தியவர் எவருமில்லை. கடும் வறட்சியில் இலையுதிர்த்து உயிரைக் காத்துக்கொள்வது அதன் சுபாவம். அந்தத் தாக்குப்பிடிக்கும் சக்தியையே காய்க்கும் சக்தியென்று எண்ணியதில்தான் பிழை நேர்ந்தது. தண்ணீரும் உரமுமின்றிக் காய்ப்பு குன்றியது; காய்த்தவையும், ஒரே குலையில் பச்சையும் மஞ்சளும் கறுப்புமாக வெவ்வேறு பருவத்தில் நின்றமையால், திரும்பத் திரும்பக் கையால் பறிக்க வேண்டியதாகி, விதையின் விலையைப் பறிப்புக் கூலியே விழுங்கிற்று. எண்ணெய் ஆட்டிய பிண்ணாக்கும் நஞ்சாதலால் மாட்டுக்கு வைக்க வழியில்லை.

செடியைப் பற்றிய அறியாமையைவிட, நிலத்தைப் பற்றிய அறியாமையே எனக்கு அதிக விசாரத்தைத் தருகிறது. வருவாய்த் துறையின் பதிவேட்டில் தரிசென்று எழுதியிருக்கும் நிலத்தில் ஆட்டுக்கிடை மேய்கிறது, ஏழைகளின் அடுப்புக்கு விறகு கிடைக்கிறது. 1877-ஆம் ஆண்டளவில் அன்றைய சென்னை மாகாணத்துக் கடப்பைப் பகுதியில் ஊன்றப்பட்ட சீமைக் கருவேலம், இன்று ராமநாதபுரம், விருதுநகர்ச் சீமைகளில் இத்தகைய நிலங்களில் மண்டிக் கிடக்கிறது. அதை வெட்டி நெருக்கமாக அடுக்கி, மேலே தழை பரப்பி ஈரமண் பூசித் தீயிட்டு, காற்று மிகுதியாகப் புகுந்தால் கட்டையெல்லாம் சாம்பலாகிவிடுமென்று, மண் வெடிக்கும் இடங்களை இரவும் பகலும் பூசிப் பூசிக் காவல் காக்கிறார்களே, அந்தக் கரிமூட்டக்காரர்களின் ஜீவனம் எந்தத் திட்ட அறிக்கையில் கணக்கிடப்பட்டது? கண்மாய்களை அடைத்துப் பிற செடிகளை அழிக்கும் அம்மரத்துக்காக நான் வாதாடவில்லை. அகற்ற வேண்டிய இடங்களில் அகற்றத்தான் வேண்டும். ஆனால் அதன் இடத்தில் வரும் பயிர், அம்மரம் தரும் வெப்பத்தையும் கூலியையுமாவது தருமா என்று அளந்து பார்க்காமல், வெற்று நிலமென்று சொல்லிவிடுவது விஞ்ஞானமாகாது.

ஆகவே, பாசன வசதியுள்ள ஆராய்ச்சிப் பண்ணையில் எடுத்த மகசூலைக் காட்டி எவரையும் கடன் வாங்கச் சொல்லக் கூடாது. புதிய பயிர் எதுவாயினும், ராமநாதபுரச் சீமையின் கமுதியிலும் முதுகுளத்தூரிலும் மழையொன்றையே நம்பிய பரீட்சைப் பாத்திகளில், மழை பொய்த்த ஓராண்டையேனும் கடக்கும் வரை அது வளர்க்கப்பட வேண்டும். விதையோடும் விறகோடும் நில்லாமல், பறிப்புக் கூலியும், இழந்த மேய்ச்சலும் அப்பரீட்சையின் கணக்கில் ஏற வேண்டும். தோற்ற பாத்திகளின் விவரமும் தேறியவற்றோடு சேர்த்தே தமிழில் அச்சாகி, அவ்வூர்ப் பஞ்சாயத்துகளுக்குப் போய்ச் சேர வேண்டும்.